இரண்டு விரல் இடைவெளி

எட்டு மாதம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
செப்டம்பரில் கட்டினால் மே.
உண்ணிக் காலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.
ஐம்பத்தொன்பது டொலர்:
புளூபெரி ஷெட்டில் நான் நிற்கும் இரண்டு மணிநேரம்.

கொஃப்ஸ் ஹார்பருக்கு மேலே, சரிவில், வாடகை வீடு.
பின்வளவு முடிகிற இடத்தில் வேலி இல்லை, காடுதான்.
இரவில் பாண்டிகூட் வந்து
புல்லில் கூம்புக் கூம்பாய்க் குழி தோண்டும்.
போகும்போது உடம்பிலிருந்து
ஒன்றிரண்டை உதிர்த்துவிட்டுப் போகும்,
எள்ளளவு, எட்டுக் கால்,
எவ்வளவு பொறுமை.

போன வருடம் பக்கத்து வீட்டு நாய்க்கு
முதலில் குரைப்பு மாறியது.
தடிமன் என்று நினைத்தார்கள்.
மறுநாள் பின்னங்கால்கள் வெறிகாரனின் கால்கள் மாதிரி.
மூன்றாம் நாள் அவர்களின் கார் திரும்பி வந்தபோது
பின் சீட்டில் ஒரு துவாய் மட்டும்
நாலாய் மடித்தபடி.
காது மடிப்புக்குள் இருந்ததாம்,
கடலை அளவு, நிறைந்து.

ஆகவே வாங்கினேன்.

தர்சினி வேலையால் வர ஒன்பதரை ஆகும்.
ரஸ்டியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு
தாளை விரித்தேன். எறும்பு எழுத்து.
இறுக்கக் கூடாது. கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே
இரண்டு விரல் போகவேண்டும்.
மிஞ்சுகிற நீளத்தை வெட்டவேண்டும்.
கட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

யாருடைய விரல்?
என்னுடையவை பெட்டி தூக்கித் தடித்தவை.
தர்சினியின் இரண்டு என்னுடைய ஒன்றரை.
தாளில் அதற்குப் பதில் இல்லை.
ரஸ்டி என் தாடையை நக்கியது.

கொக்கியை மாட்டப் போகையில்
கடைசிப் பந்தியில் ஒரு பூனைப் படம்,
குறுக்கே கோடு.
நக்கினால், உரசினால், கூடப் படுத்தால்
நடுக்கம், வலிப்பு.
கீழே ஒரு தொலைபேசி எண்,
இருபத்துநாலு மணிநேரமும்.

எங்கள் பூனைக்கு மிச்சம் என்று பெயர்.
போன குளிரில் ரஸ்டியின் தட்டில்
மிஞ்சியதைத் தின்ன வந்தது.
ஒரு மாதம் சீறல்.
பிறகு ஒரு இரவு நாயின் கழுத்துச் சதைக்குள்
தலையைச் செருகித் தூங்கியது.
அன்றிலிருந்து அந்த நாலு அங்குலம்
அதன் பேரில் எழுதிய காணி.
தூங்குமுன் நக்கி நக்கி மயிரைப் படிய வைக்கும்.

உண்ணி தேடுவதும் அங்கேதான்.
பட்டி இருக்கவேண்டியதும் அங்கேதான்.

தர்சினி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல்
நின்றபடியே வாசித்தாள்.
"பூனையைக் கொஞ்ச நாளைக்கு வெளியில..." என்றேன்.
"யாரை?" என்றாள்.
அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

உடைத்த பெட்டியைக் கடை திருப்பி எடுக்காது.
இரண்டுக்கும் ஒத்துப்போகிற பட்டி இருக்கிறதாம்,
ஒவ்வொன்றும் எண்பத்துநாலு.
சம்பளம் வியாழக்கிழமை. இன்று சனி.

அதுவரை கை.
தர்சினி தரையில் உட்கார்ந்து,
ஆஸ்பத்திரித் தரை துடைத்து ஊறிய விரல்களால்
ரஸ்டியைப் பின்னோக்கிக் கோதத் தொடங்கினாள்,
காது, கழுத்து, கக்கம், விரலிடுக்கு.
மிச்சம் பக்கத்தில் குந்தி
மேற்பார்வை.

"இருக்கு," என்றாள் திடீரென்று. "பிடியுங்கோ, லைட்டை."
பிடித்தேன். என் கை நடுங்கியது.
வயிற்றோரம், கறுப்பாய், உருண்டையாய்.
இடுக்கியை எடுத்துவிட்டேன்.
கிட்டக் குனிந்து பார்த்தவள்
தரையில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வர.

முலைக்காம்பு.
ஆண் நாய்க்கும் உண்டு,
வரிசையாய்.

பட்டியை ஊறுகாய் போத்தலுக்குள் போட்டு
மூடியை இறுக்கி, கராஜில்
உயரமான தட்டில் வைத்தேன்.
உறையை உடைத்த நேரத்திலிருந்து
எட்டு மாதம் ஓடத் தொடங்கியிருக்கும்.
அங்கே அது
எதையோ காத்துக்கொண்டிருக்கிறது.